45 டிகிரியில் கழுத்துச் சிரை தெரியவில்லை என்றால் ஜே.வி.பி. (கழுத்துச் சிரை அழுத்தம்) நார்மலா?

இரவுப்பணி:
வணக்கம். நான் பயிற்சி மருத்துவர், சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நோயாளிக்கு அறுபது வயதுக்கு மேல். இரண்டு கால்களிலும் முட்டி வரை வீக்கம், ஈரலும் கைக்குத் தட்டுப்படுகிறது. வலப்பக்க இதயச் செயலிழப்பு என்றுதான் தோன்றுகிறது. ஆனால் 45 டிகிரியில் சாய்த்து வைத்து வலப்பக்கக் கழுத்தைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தும் சிரைத் துடிப்பின் மேல்விளிம்பு கண்ணில் படவில்லை. தாடைக்குக் கீழே ஏதோ துடிக்கிறது. கரோடிட் தமனி என்று விட்டுவிட்டேன். கேஸ் ஷீட்டில் 'ஜே.வி.பி. உயரவில்லை' என்றும் எழுதியாகிவிட்டது. ஆனாலும் உறுத்துகிறது. எங்கே தப்பு?

பழையஸ்டெத்:
முதலில் அந்த 'உயரவில்லை'யை அடித்துவிடுங்கள். நீங்கள் பார்த்தது 'மேல்விளிம்பு தெரியவில்லை' என்பதை மட்டும்தான். அது இரண்டு விதமாக நடக்கும். அழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் விளிம்பு காறை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மிக அதிகமாக இருந்தால் தாடையைத் தாண்டி மேலே போயிருக்கும். உட்கழுத்துச் சிரை என்பது வல ஏட்ரியத்தில் (இதயத்தின் வல மேலறையில்) செருகிய குழாய் மாதிரி. ரத்தம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுதான் அழுத்தம். 45 டிகிரி என்பது பலருக்கு அந்த விளிம்பு கழுத்துக்குள் விழும் கோணம், அவ்வளவுதான். உங்கள் நோயாளிக்கு ஈரலும் வீங்கியிருக்கிறது என்கிறீர்கள். நேராக உட்கார வையுங்கள். காதுமடல் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

கரோடிட் சந்தேகத்துக்கு: காறை எலும்புக்குச் சற்று மேலே விரலால் லேசாக அழுத்துங்கள். சிரைத் துடிப்பு நின்றுவிடும், தமனி நிற்காது. மூச்சை உள்ளிழுக்கும்போது சிரையின் விளிம்பு வழக்கமாக இறங்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் நிழலில் அசைவு தெரியும். தலையணை வைத்துக் கழுத்துத் தசையைத் தளர விடுங்கள், பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரவுப்பணி:
உட்கார வைத்தேன் சார். விளிம்பு தெரிகிறது! ஸ்டெர்னல் ஆங்கிளிலிருந்து (மார்பெலும்பின் மேல்பகுதியிலுள்ள மேடு) செங்குத்தாக 12 செ.மீ. உயரத்தில். காறை எலும்புக்கு மேலே அழுத்தினால் துடிப்பு நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏ, வி என்று இரண்டு அலை வர வேண்டாமா? ஒரே பெரிய அலைதான், அதுவும் இடப்பக்கக் கரோடிட்டோடு சேர்ந்தே எழுகிறது. விரலுக்கும் லேசாகத் தட்டுகிறது. நாடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது.

பழையஸ்டெத்:
நாடி ஒழுங்கில்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) இருந்தால் ஏட்ரியம் ஒழுங்காகச் சுருங்காது, எனவே அந்தச் சுருக்கத்தால் வரும் ஏ அலை கிடையாது. கரோடிட் எழும் நேரத்தில் சாதாரணமாகச் சிரை உள்ளே சரியும், அதுதான் எக்ஸ் சரிவு. அந்த நேரத்தில் மேலே எழுகிறது என்றால் வல மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள டிரைகஸ்பிட் வால்வு சரியாக மூடாமல், வென்ட்ரிக்கிளின் (கீழறையின்) தள்ளல் நேராகக் கழுத்துக்கு வருகிறது. சி, வி என்ற மற்ற இரண்டு அலைகளும் ஒன்றாகி ஒரே பெரிய அலையாகிவிடும். பிறகு அடுத்த இறக்கமான ஒய் சரிவு சடாரென்று விழும். சிரைத் துடிப்பு விரலுக்குப் படாது என்று படித்திருப்பீர்கள், கடுமையான டிரைகஸ்பிட் கசிவில் படலாம். மார்பெலும்பின் இடக்கீழ் ஓரத்தில் கேளுங்கள். சிஸ்டோல் (கீழறை சுருங்கும் நேரம்) முழுக்க ஒரு மர்மர் (இரைச்சல்), மூச்சை இழுக்கும்போது கூடுகிறதா? ஈரலும் துடிக்கலாம்.

ஐசியூவாசி:
குறுக்கே வருகிறேன். 12 செ.மீ. தண்ணீரோடு, ஸ்டெர்னல் ஆங்கிளிலிருந்து ஏட்ரியம் வரை வழக்கமாகக் கொள்ளும் 5 சேர்த்தால் 17, அதைப் பாதரசக் கணக்குக்கு மாற்ற 1.36 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12.5 மி.மீ. பாதரசம். இந்தக் கணக்கைக் கோடு போட்ட உண்மையாக எடுக்க வேண்டாம். ஸ்டெர்னல் ஆங்கிளுக்கும் ஏட்ரியத்துக்கும் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், உட்கார்ந்த நிலையில் 5ஐத் தாண்டவும் செய்யும். அதனால் படுக்கையருகே நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். இன்னொரு பக்கம், பெரிய வி அலையின் உச்சியை அளந்தால் சராசரியை விடக் கூடுதலாக வரும். சிரைக்குள் லைன் போட்டு அளந்தாலும் இதே தலைவலிதான்: டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை அளக்கும் கருவி) ஏட்ரியத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 7 மி.மீ. அதிகமாகக் காட்டும். நான்காவது விலா இடைவெளி, அக்குளின் நடுக்கோடு, அந்த மட்டத்தில் ஜீரோ செய்துவிட்டு, மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில் படியுங்கள்.

இரவுப்பணி:
மர்மர் கேட்டது, மூச்சை இழுத்தால் கூடுகிறது. ஈசிஜியில் ஏட்ரியத்தின் துடிப்பைக் காட்டும் பி அலை இல்லை. 'உட்கார்ந்த நிலையில் 12 செ.மீ., பெரிய வி அலை' என்று குறிப்பைத் திருத்திவிட்டேன். எக்கோ ஸ்கேன் நாளைக்கு. அப்புறம் சார், காதுமடல் உண்மையிலேயே ஆடுகிறது.