அத்தை கண்ணளவில் வைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கு எத்தனை கிராம் கார்ப் போடுவது?

கோவையில்_நெல்லைக்காரி · ஜனவரி 8

மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. டைப் 1 சர்க்கரை நோய் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. சாப்பாட்டில் எத்தனை கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது மாவும் சர்க்கரையும்) என்று எண்ணித்தான் இன்சுலின் ஊசி போடுகிறோம். கோவையில் எங்கள் வீட்டுச் சமையல் என்றால் எனக்கு அந்தக் கணக்கு கைவந்துவிட்டது. இட்லி ஒன்று 10 கிராம், என் கல்லில் ஊற்றும் தோசை 18, சாதம் நூறு கிராமுக்கு 28 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அத்தனையும் போச்சு.

மாமியார் வீடு சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில். விடிவதற்கு முன்பே வாசலில் கோலம் போட்டு, அடுப்புக்கட்டி வைத்து, பனை ஓலையில் தீ மூட்டி வெண்கலப் பானையை ஏற்றிவிடுவார்கள். அத்தைக்கு அளவு என்றால் கைதான். மூன்று கை அரிசியைச் சாமியைக் கும்பிட்டுப் போடுவார்கள். அப்புறம் “இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்” என்று டப்பாவைச் சாய்ப்பார்கள். வெல்லத்தைத் தட்டி அள்ளிப் போடுவார்கள். எவ்வளவு அத்தை என்று கேட்டால் “இனிக்கிற அளவுக்குத்தான்” என்று பதில் வரும். நாற்பது வருடமாக ருசி இம்மியும் மாறவில்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கப் சர்க்கரைப் பொங்கல், கொஞ்சம் வெள்ளைப் பொங்கல், ஒரு வடை, சிறுகிழங்குப் பொரியல் சாப்பிட்டாள். ஒரு கப் சாதம் 45 கிராம்தானே, சர்க்கரைப் பொங்கலுக்கும் 45 போடுவோம் என்று போட்டேன். சாப்பிட்டது பன்னிரண்டு மணிக்கு. இரண்டு மணிக்குக் குத்திப் பார்த்தால் சுகர் 168. அப்பாடா என்று இருந்தது. ஐந்து மணிக்குப் பார்த்தால் 318! பதறிப்போய், சுகரை இறக்கக் கரெக்‌ஷன் ஊசி போட்டேன். ஆறரைக்கு 305. வீடு நிறைய சொந்தக்காரர்கள், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொரு ஊசி போட்டேன். இரவு ஒன்பது மணிக்கு “அம்மா, கை நடுங்குது” என்று வந்து நின்றாள். 61. குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்து, மறுபடி கொடுத்து ஏற்றினோம். அன்று ராத்திரி நானும் அவரும் தூங்கவில்லை.

அத்தை அழுதுவிட்டார்கள். “இனிமே இந்த வீட்டுல சக்கரப் பொங்கலே வேண்டாம்” என்றார்கள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மகளால் பண்டிகை நின்றது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. போன வாரம் அவளே கேட்டாள், “ஆச்சி இந்தத் தடவை எனக்காக வைக்காம இருந்துருவாங்களாம்மா?”

அத்தையை அளந்து போடச் சொல்லாமல் கணக்குப் போட வழி இருக்கிறதா? கரும்பை எப்படிக் கணக்கில் எடுப்பது? அவளுக்கு மதியம் 12 கிராம் கார்புக்கு 1 யூனிட் இன்சுலின் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மலைக்கோட்டை_டைப்1 · ஜனவரி 8

எனக்கு டைப் 1 வந்தது 1998இல், அப்போது 14 வயது. அந்த வருடம் தீபாவளிக்கு வீடு முழுக்க நெய் மணக்க, எனக்கு மட்டும் இரண்டு கோதுமை தோசை. மகள் கேட்ட கேள்வியைப் படித்ததும் அந்தத் தோசைதான் ஞாபகம் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன வருடம் தப்பு எங்கே என்றால், சர்க்கரைப் பொங்கலைச் சாதமாக எண்ணியதில். சாதத்தில் பெரும்பங்கு தண்ணீர், அதனால்தான் நூறு கிராமுக்கு 28. சர்க்கரைப் பொங்கலில் அந்தச் சாதத்தோடு வெல்லமும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் நூறு கிராமுக்கு 38 வந்தது. அழுத்தி அள்ளினால் ஒரு கப் 200 கிராமைத் தாண்டும். நீங்கள் 45 போட்ட இடத்தில் 75க்குக் குறையாமல் இருந்திருக்கும்.

அத்தையை அளக்கச் சொல்லவே வேண்டாம். அரிசி டப்பாவை முதல் நாள் இரவே எடை போட்டுக் குறித்து வையுங்கள். வெல்லம் இருக்கும் பாத்திரத்தையும் பருப்பு டப்பாவையும் அப்படியே. அவர்கள் கையால் அள்ளட்டும், சாய்க்கட்டும். பொங்கல் இறங்கியதும் டப்பாக்களை மறுபடி எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் பானைக்குள் போனது. பச்சரிசி நூறு கிராமுக்கு 78, வெல்லம் 85, பாசிப்பருப்பு 53 என்று போடுங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையை ஒட்டித்தான் நான் இந்த எண்களை வைத்திருக்கிறேன். பால் 200 மில்லிக்கு 10. நெய்க்கு ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் கூட்டினால் பானையின் மொத்த கார்ப். வெறும் பானையின் எடையை முன்பே பார்த்து வைத்திருந்தால் பொங்கலின் எடையும் கிடைத்துவிடும். ஒன்றை ஒன்றால் வகுத்தால் கிராமுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்புறம் அவள் இலையில் விழுவதை மட்டும் எடை போட்டால் போதும்.

நெய்க்கு ஒன்றுமில்லை என்றேன், ஆனால் நெய்தான் உங்களை இரண்டு மணிக்கு ஏமாற்றியது. நெய்யும் வடை எண்ணெயும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். சுகர் மெதுவாக ஏறி நாலு, ஐந்து மணி நேரம் கழித்து உச்சிக்குப் போகும். அதற்குள் மதியம் போட்ட இன்சுலின் தீர்ந்திருக்கும். பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஊசியை இரண்டாகப் பிரித்துப் போடலாமா, எவ்வளவு, எப்போது என்று ஊருக்குப் போகும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அது ஆளுக்கு ஆள் மாறும், என் கணக்கைக் காப்பி அடிக்க வேண்டாம்.

ஆறரை மணி ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குப் போட்டதன் வேலை அப்போது இன்னும் முடிந்திருக்காது. சாப்பாட்டு ஊசியின் வேலை நாலு மணி நேரம் வரை ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டும் சேர்ந்து ஒன்பது மணிக்கு இழுத்துவிட்டது. நானும் செய்திருக்கிறேன். 300ஐப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

கரும்புக்கும் அதே கழித்தல்தான். தோல் சீவிய துண்டை நிறுத்துக் கொடுங்கள். மென்று துப்பிய சக்கையைத் தட்டில் சேர்த்து நிறுங்கள். குறைந்தது சாறு. சாற்றில் நூறு கிராமுக்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கையில் எச்சில் ஏறும்தான், அதனால் கணக்கு கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கருப்பட்டிக்_காப்பி · ஜனவரி 9

எனக்கு டைப் 2, பதினாறு வருடமாக. எதற்குச் சகோதரி இவ்வளவு எடை, வகுத்தல் எல்லாம்? வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டுப் பொங்கல் வையுங்கள். கருப்பட்டி சுகரை ஏற்றாது. எங்கள் வீட்டில் காப்பிக்குக் கூட அதுதான்.

மலைக்கோட்டை_டைப்1 · ஜனவரி 9

ஐயா, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை குத்திப் பாருங்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், சீனி எல்லாமே கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றுதான். மணம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பேச்சை நம்பி யாராவது குழந்தைக்கு ஊசியைக் குறைத்துவிட்டால் ஆபத்து, அதனால்தான் உடனே எழுதுகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

அடுப்படி_ஆள் · ஜனவரி 9

எனக்குச் சுகர் இல்லை, என் தம்பி மகனுக்கு உண்டு. எங்கப்பா அம்பாசமுத்திரம் பக்கம் தவசுப்பிள்ளை, நானும் முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தவன். பாகம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கண்ணளவு என்றாலும் பழகிய கை பெரிதாகத் தவறாது. எங்கள் பக்கம் எடையில் ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு முதல் இரண்டு பங்கு வரை வெல்லம் போகும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டினால் மண், தூசி கொஞ்சம் கழியும், அதைக் கணக்கில் பிடிக்க வேண்டியதில்லை. பால் பொங்கி வழிவதிலும் பெரிதாக ஒன்றும் போகாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள் அம்மா. காலையில் இறக்கியதும் பொங்கல் தளர்வாக இருக்கும், மதியத்துக்குள் இறுகிவிடும். கரண்டிக் கணக்கு வைத்தால் இறுகிய பிறகு அதே கரண்டியில் அதிகம் ஏறும். தராசை நம்புங்கள், கரண்டியை நம்பாதீர்கள். நானே இதைச் சொல்லும்படி ஆகிவிட்டது!

கோவையில்_நெல்லைக்காரி · ஜனவரி 18

ஊரிலிருந்து நேற்றுதான் வந்தோம். எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

போகி அன்று இரவு எல்லாரும் படுத்த பிறகு நானும் மகளும் அடுக்களையில் டார்ச் அடித்துக்கொண்டு டப்பாக்களை எடை போட்டோம். திருட்டுத்தனம் போலச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா எழுந்து வந்து “எலியா?” என்றார்கள். பிறகு அவர்களே நோட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

காலையில் அத்தை வழக்கம்போல அள்ளினார்கள், சாய்த்தார்கள். நாங்கள் வாயே திறக்கவில்லை. பார்த்தால் அரிசி 355 கிராம், பருப்பு 70, வெல்லம் 640. அடுப்படி அண்ணாச்சி சொன்ன ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக விழுந்தது. அரிசிக்கு 277, பருப்புக்கு 37, வெல்லத்துக்கு 544, பாலுக்கு 10, முந்திரிக்கும் திராட்சைக்கும் 15. ஆக மொத்தம் 883.

சிக்கல் பானையில்தான் வந்தது. வெறும் பானை 2 கிலோ 950 என்று குறித்து வைத்திருந்தேன். பொங்கலோடு தூக்கி வைத்தால் என் தராசு தாங்கவில்லை, அது ஐந்து கிலோ வரைதான் காட்டும். மாமா துண்டைச் சுற்றிப் பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு மளிகைக் கடைக்குப் போய்விட்டார்கள், பின்னாலேயே மகள் நோட்டோடு. கடைக்காரர் “என்ன அண்ணாச்சி, பொங்கல எடைக்கு விக்கப் போறீகளா?” என்று கேட்டாராம். 5 கிலோ 380. கழித்தால் 2,430 கிராம். நூறு கிராமுக்கு 36.

முதல் வேலையாகப் போன வருடத்துக் கப்பைத் தேடி எடுத்து, அதே மாதிரி அழுத்தி நிரப்பி நிறுத்துப் பார்த்தேன். 210 கிராம். அதாவது 76 கிராம் கார்ப். நான் போட்டது 45! கொஞ்ச நேரம் அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தடவை மகளே 90 கிராம் போதும் என்றாள், அதற்கு 33. வெள்ளைப் பொங்கலுக்கும் வடைக்கும் சிறுகிழங்குக்கும் குழம்புக்கும் சேர்த்து 66. மொத்தம் 99, அதற்கு 8 யூனிட். டாக்டர் சொன்னபடி 5 சாப்பிடும் முன், 3 கொஞ்ச நேரம் கழித்து. சாப்பிடும் முன் 124 இருந்தது. இரண்டு மணி நேரத்தில் 171, நாலு மணி நேரத்தில் 214. அங்கேதான் எனக்குக் கை துறுதுறுத்தது. மலைக்கோட்டை அண்ணா எழுதியதை நினைத்து இன்சுலின் பேனாவைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோலம் பார்க்கப் போனேன். ஐந்தரை மணி நேரத்தில் 178. இரவு படுக்கும்போது 131.

கரும்பை மாட்டுப் பொங்கலன்று வைத்துக்கொண்டோம். 190 கிராம் துண்டு, சக்கை 85. குறைந்தது 105, கார்ப் 16. சக்கையை நிறுப்பதைப் பார்த்துப் பெரிய நாத்தனார் முகத்தைச் சுளித்தார்கள். போகட்டும்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னது மூன்றாம் நாள்தான். கோபப்படுவார்கள் என்று பயந்தேன். நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, 640 என்ற எண்ணை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்கள். “இவ்வளவா போடுதேன்?” என்று கேட்டார்கள்.

ஊரில் தை மாதத்திலேயே சிறுவீட்டுப் பொங்கலும் வரும். பெண்பிள்ளைகள் வாசலில் மண்ணால் குட்டி வீடு கட்டி, அதில் பொங்கல் வைப்பார்கள். அதற்கு மறுபடி கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். பானை சின்னதுதான், என் தராசே தாங்கும். தராசை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி மகள் அடம்பிடித்தாள். வைத்துவிட்டுத்தான் வந்தேன், இங்கே வேறு வாங்க வேண்டும். பத்து கிலோ வரை காட்டும் நல்ல தராசு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.