லிஃப்டில் எடை மாறுவதும் விண்வெளி நிலையத்தில் மிதப்பதும் ஒரே காரணத்தாலா?

புதுத்தராசு (கேள்வி)
லிஃப்ட் மேலே போனால் தோற்ற எடை கூடும், கீழே வந்தால் குறையும் என்று பாடத்தில் படித்தேன். சூத்திரம்: தோற்ற எடை = நிறை × (ஈர்ப்பு முடுக்கம் + லிஃப்டின் முடுக்கம்). எடைக் கருவியை லிஃப்டுக்குள் வைத்து ஏறி நின்றால் அப்படி நடக்கவில்லை. கிளம்பும்போது முள் ஒரு துள்ளு துள்ளுகிறது, அப்புறம் வழக்கமான எடைக்கே வந்துவிடுகிறது, மாடி நெருங்கும்போது இறங்குகிறது. எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன்?

இன்னொன்று. விண்வெளி நிலையத்தில் மிதப்பதற்குக் காரணம் "அங்கே ஈர்ப்பு இல்லை" என்கிறது ஒரு காணொளி, "மையவிலக்கு விசை ஈர்ப்பைச் சமன் செய்கிறது" என்கிறது இன்னொன்று. எது சரி?

சுருள்வில்
முள் சரியாகத்தான் காட்டுகிறது, பாட வரிதான் அரைகுறை. சூத்திரத்தில் வருவது முடுக்கம். லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அதில் இடமே இல்லை.

நிறை 60 கிலோ, லிஃப்டின் முடுக்கம் 1.2 மீ/நொ² என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். நிற்கும்போது 60 × 9.8 = 588 நியூட்டன். மேலே கிளம்பும்போது 60 × 11 = 660 நியூட்டன். கருவி எதையும் 9.8-ஆல் வகுத்தே காட்டும் என்பதால் 67.3 கிலோ என்று தெரியும். நடுவில் சீரான வேகம், முடுக்கம் சுழி, மறுபடி 60. மாடியை நெருங்கி வேகம் குறையும்போது லிஃப்ட் மேலேதான் போகிறது, ஆனால் முடுக்கம் கீழ்நோக்கி: 60 × 8.6 = 516 நியூட்டன், 52.7 கிலோ. இறங்கும் லிஃப்டில் வரிசை தலைகீழாகும்; தரைத்தளத்தில் நிற்கப் போகும்போதுதான் எடை கூடும். தேர்வில் பாதிப் பேர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

டிஜிட்டல் கருவி இதற்கு ஆகாது. எடை நிலைப்பட்டதும் எண்ணை அப்படியே பூட்டி வைத்துவிடும் வகைகள்தான் அதிகம். முள் உள்ளதே நல்லது. முழங்காலை மடக்காமல், சுவரைத் தொடாமல் நில்லுங்கள். இரண்டு தட்டுத் தராசைக் கொண்டுபோனால் எந்த மாற்றமும் தெரியாது, ஏனென்றால் இரு தட்டிலும் ஒரே விகிதத்தில் மாறும். அது நிறையை ஒப்பிடும் கருவி.

அடிப்படை இதுதான்: எடைக் கருவி பூமியின் இழுவிசையை அளப்பதில்லை. உங்களைத் தாங்க அது மேல்நோக்கித் தள்ளும் விசையையே அளக்கிறது. லிஃப்ட் 9.8 மீ/நொ² முடுக்கத்தில் தடையின்றி விழுந்தால் அந்தத் தாங்கல் சுழி. பூமி அப்போதும் 588 நியூட்டன் விசையோடுதான் இழுக்கும்.

வட்டப்பாதை
இரண்டாம் கேள்விக்கு. முதல் காணொளி தவறு. நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6371 கி.மீ.; எனவே அங்கே ஈர்ப்பு (6371 ÷ 6771)² மடங்கு, அதாவது தரையில் உள்ளதில் 89 விழுக்காடு. முடுக்கம் சுமார் 8.7 மீ/நொ².

மையவிலக்கு விசை விளக்கம், நிலையத்தோடு சேர்ந்து சுழலும் சட்டகத்தில் (அதாவது தானும் கூடவே சுற்றிக்கொண்டு பார்க்கும் கோணத்தில்) உட்கார்ந்து கணக்குப் போடுபவருக்குச் செல்லும். தரையிலிருந்து பார்ப்பவர் அதைச் சொன்னால் சிக்கல்: விசைகள் சமன் என்றால் நிகர விசை சுழி, அப்படியானால் நிலையம் நேர்கோட்டில் போயிருக்க வேண்டும். வளைவதே ஈர்ப்பு சமன் ஆகவில்லை என்பதற்குச் சான்று.

அது ஒரு நொடியில் 7.67 கி.மீ. ஓடுகிறது, அதே நொடியில் நேர்கோட்டிலிருந்து 4.3 மீட்டர் விழுகிறது. அந்தத் தூரத்துக்கு வட்டப்பாதை வளையும் அளவும் அதே 4.3 மீட்டர்தான். ஆகவே விழுந்துகொண்டே இருக்கிறது, உயரம் குறைவதில்லை. ஆளும் சுவரும் தரையும் ஒரே முடுக்கத்தில் விழுவதால் எதுவும் எதையும் தாங்குவதில்லை. மேலே சொன்ன அறுந்த லிஃப்டேதான்.

புதுத்தராசு
இப்போது பிடிபடுகிறது. இதை வகுப்பில் செய்து காட்ட முடியுமா? அப்புறம், எடையே இல்லை என்றால் விண்வெளி வீரரின் நிறையை எப்படி அளப்பார்கள்?

சுருள்வில்
ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடியில் 3–4 மி.மீ. துளை போட்டு, விரலால் அடைத்து, 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். விரலை எடுத்தால் பீய்ச்சும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 0.64 நொடிக்கு நின்றுவிடும். மேல்நீரின் எடையைக் கீழ்நீர் தாங்குவதால்தான் துளையருகே சுமார் 2000 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருந்தது. விழும்போது அது மறைகிறது.

சொதப்பும் இடங்கள் மூன்று. மூடியைக் கழற்ற மறந்தால் காற்றழுத்தமே நீரை நிறுத்திவிடும், சோதனை செல்லாது. பாட்டிலை அமுக்கிப் பிடித்திருந்தால் விடும்போது பீய்ச்சல் தாறுமாறாகும். முன்பே வெளிவந்த தாரை பாட்டிலோடு கூடவே விழும், அதைப் பார்த்து "நிற்கவில்லையே" என்பார்கள். போனில் மெதுவியக்கக் காணொளி எடுத்துத் துளையை மட்டும் கவனியுங்கள்.

மேல்நோக்கி எறிந்தும் காட்டுங்கள். ஏறும்போதும் நீர் வராது. பலர் நம்பாதது இது. ஜெர்மனியின் பிரெமன் கோபுரத்தில் காற்றை வெளியேற்றிய குழாயில் 110 மீட்டர் விழவிட்டால் 4.7 நொடி எடையின்மை. அடியிலிருந்து மேலே ஏவினால் ஏறவும் இறங்கவும் சேர்த்துச் சுமார் 9 நொடி.

வட்டப்பாதை
நிறைக்கு: ஆளை ஒரு வில்லோடு பிணைத்து முன்பின்னாக அலையவிட்டு, அலைவு நேரத்தை எடுப்பார்கள். அலைவு நேரம் = 2π × √(நிறை ÷ வில் மாறிலி). வில் மாறிலி (வில் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) 600 நியூட்டன்/மீ. என்றால் 60 கிலோ ஆளுக்கு 1.99 நொடி வரும். உடல் தளர்ந்திருந்தால் குலுங்கிக் கணக்கு கெடும், அதனால் இருக்கையோடு ஒட்டிச் சுருண்டு கொள்வார்கள்.

வகுப்புக்கு இன்னொன்று: போனில் முடுக்கமானி செயலி. மேசையில் வைத்தால் 9.8 காட்டும், கனமான மெத்தை மேல் 1 மீட்டரிலிருந்து விட்டால் 0.45 நொடிக்குச் சுழியை ஒட்டி வரும். "ஈர்ப்பு நீக்கிய முடுக்கம்" என்ற பதிவை எடுக்காதீர்கள், அது மென்பொருள் கழித்துக் கொடுப்பது, தலைகீழாக வரும். விடும்போது போன் சுழன்றாலும் சுழி கிடைக்காது. உணரி போனின் நடுவில் இருப்பதில்லை.