மேஜிக் கற்க வரும் பெண்ணுக்கு எது தோது: சீட்டா, கயிறா, மெண்டலிசமா?

கயல்_மதுரை
எல்லோருக்கும் வணக்கம். வயது 26, வேலைக்குப் போகிறேன். மேஜிக் கற்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து இருக்கும் ஆசை. போன வாரம்தான் துணிந்து, மேஜிக் சாமான் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்கு எத்தனை வயசு மேடம்?" எனக்குத்தான் என்றதும் கலர் கலராகச் சில்க் துணியும் பூ விரியும் குச்சியும் எடுத்துப் போட்டு, "லேடீஸுக்கு இதான் செட் ஆகும்" என்றார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

எதில் தொடங்கலாம்? என் நிலவரம்: தினமும் சுடிதார், அதில் பாக்கெட் கிடையாது. கை சின்னது. பார்க்கப் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் ஆறேழு பேர், வீட்டில் பாட்டி. மேடை ஏறும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

மனவாசகன்
யோசிக்கவே வேண்டாம், மெண்டலிசம், அதாவது மனதைப் படிப்பதுபோல் காட்டும் வித்தை. பாக்கெட் வேண்டாம், ஸ்லீவ் வேண்டாம், கை பெரிதா சிறிதா என்ற பேச்சே இல்லை. ஒரு துண்டுத் தாள், ஒரு பேனா போதும். சுஹானி ஷாவைப் பாருங்கள். 2025இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த ஃபிஸ்ம் உலக மேஜிக் போட்டியில் இணைய வீடியோக்களுக்கான விருதை வாங்கினார். நம் நாட்டுப் பெண், செய்வது மெண்டலிசம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பழம்பெருச்சாளி
தம்பி, பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே. அந்தப் பெண் அகமதாபாத்தில் முதல் மேடை ஏறியது 1997இல், ஏழு வயதில். அப்புறம் பல வருஷம் செய்தது பெட்டி, சாமான், ஆள் படையோடு பெரிய மேடை ஷோ. மெண்டலிசத்துக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. கூட்டத்தை எப்படிப் பிடிப்பது, தப்பு நடந்தால் எப்படி மூடுவது என்று மேடையில் உருண்டு புரண்டு கற்றவர். மொட்டை மாடியில் நிற்பவரைக் காட்டி, ஏணியே வேண்டாம் என்கிறீர்கள்.

இன்னொன்று. மெண்டலிசத்தில் ஐட்டம் தப்பினால் கையில் காட்ட வேறு எதுவும் இருக்காது. சீட்டு கீழே விழுந்தால் சிரித்துச் சமாளிக்கலாம். "நீங்கள் நினைத்த பெயர் சுமதி" என்று கண்ணை மூடிச் சொல்லி, எதிரில் இருப்பவர் "இல்லையே" என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மனவாசகன்
ஐயா, எல்லா வகையிலும் தப்பு நடக்கத்தான் செய்யும். மெண்டலிசத்தில் பாதி தப்பினால்கூட "ஏதோ கிட்ட வந்துட்டாங்க" என்பார்கள். சீட்டில் தப்பு தப்புதான்.

நிலாமுகில்
எட்டு வருஷமாக ஷோ செய்கிறேன், பெண்தான். மனவாசகன் சொல்லாத ஒரு சங்கடம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் நாலு பேர் மனதில் நினைத்த எண்ணைச் சொன்னேன். நன்றாகவே போனது. முடிந்ததும் ஒரு அம்மா ஓரமாகக் கூட்டிப்போய், "என் பொண்ணுக்கு வரன் எப்போம்மா அமையும்?" என்று கையை நீட்டினார். இது வெறும் வித்தை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஆண்களுக்கும் இது நடக்கும். ஆனால் நம் ஊரில் புடவை கட்டிப் பொட்டு வைத்த பெண் மனதைப் படிக்கிறாள் என்றால், அது குறி சொல்வதில் போய்த்தான் நிற்கிறது. அதைக் கையாளத் தெரிந்த பிறகு மெண்டலிசத்துக்குப் போகலாம். முதல் நாளே வேண்டாம்.

சீட்டுக்காரன்
அப்படியென்றால் சீட்டுதான். ஒரு கட்டு வாங்கினால் ஆயுசுக்கும் கற்கலாம். ஒன்று மட்டும் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: சின்னக் கையில் சீட்டை மறைப்பது கஷ்டம். பெண்கள் சீட்டு வித்தையில் குறைவாக இருக்க அதுவும் ஒரு காரணம். அடிக்க வராதீர்கள்.

நிலாமுகில்
வந்தாயிற்று. சோஃபி லாய்ட் கதை தெரியுமா? லண்டன் மேஜிக் சர்க்கிள் என்ற மேஜிக்காரர் சங்கம் 1905இல் தொடங்கியது. 1991 வரை பெண்களுக்கு அங்கே உறுப்பினர் இடம் இல்லை. அந்த வருஷம் மார்ச்சில் ரேமண்ட் லாய்ட் என்ற இளைஞர் உறுப்பினர் தேர்வில் தேறினார். விக், வேஷம் எல்லாம் கழற்றினால் உள்ளே இருந்தது சோஃபி லாய்ட். கை பெண் கை என்று தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கையுறை போட்டுக்கொண்டு கைத்திறன் வித்தை செய்து தேறினார். கையுறை போட்டு ஒரு காசை மறைத்துப் பாருங்கள், அப்புறம் கை அளவு பற்றிப் பேசலாம்.

அதே வருஷம் பெண்களைச் சேர்க்க முடிவானது. உண்மையை அவரே வெளியே சொன்னார். ஏமாற்றிவிட்டார் என்று நீக்கிவிட்டார்கள். மேஜிக்காரர்கள் ஏமாற்றப்பட்டதற்குக் கோபப்பட்டார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. 2025இல் மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

சீட்டுக்காரன்
சரி, காரணம் என்ற வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கை அளவு ஒரு விஷயமே இல்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேஜிக்காரர்கள் வைத்திருக்கும் போக்கர் அளவுச் சீட்டு சுமார் 63 மி.மீ. அகலம். பிரிட்ஜ் அளவு 57 மி.மீ. உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த ஆறு மி.மீ.யில்தான் அவளுக்கு எல்லாம் கைகூடியது. சங்கடம், நல்ல வழுக்கலோடு வரும் கட்டுகள் பெரும்பாலும் போக்கர் அளவில்தான் கிடைக்கின்றன.

பழம்பெருச்சாளி
காசும் அப்படித்தான். வெளிநாட்டு வீடியோக்களில் அமெரிக்க அரை டாலர் வைத்துச் செய்வார்கள், 30 மி.மீ.க்கு மேல். அதைப் பார்த்து நம் ஆட்கள் அதையே தேடி அலைவார்கள். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. உள்ளங்கை நடுவில் பிடிக்கப் பழகாதீர்கள், அது பிற்பாடு. விரல்களின் அடிப்பகுதியில் படுக்க வைத்துப் பழகுங்கள். எந்தக் கைக்கும் அது வரும். தவிர, எதிரில் இருப்பவர் பையிலும் பத்து ரூபாய் இருக்கும். "உங்க காசையே கொடுங்க" என்று கேட்டு வாங்கிச் செய்வதில் இருக்கும் கெத்து எந்த வெள்ளி டாலரிலும் வராது.

ஆனால் கயல் கேட்டதற்கு என் பதில் கயிறு. இரண்டு மீட்டர் பருத்திக் கயிறு, ஒரு கத்தரிக்கோல். கைப்பையில் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் தெரியும். வெட்டிச் சேர்ப்பதில் மட்டும் நாலைந்து விதம் இருக்கிறது. 30 வருஷமாக நான் திறக்கும் முதல் ஐட்டம் அதுதான்.

மனவாசகன்
சாப்பாட்டு மேஜையில் கயிறும் கத்தரிக்கோலுமா? டிபன் பாக்ஸ் பக்கத்தில் எடுத்து வைத்தால் "என்னம்மா, மேனேஜரைக் கட்டிப்போடப் போறியா?" என்பார்கள்.

பழம்பெருச்சாளி
அங்கேயே சிரிப்பு வந்துவிட்டதல்லவா? பாதி ஷோ முடிந்தது.

ராட்டினம்
இவ்வளவு நேரம் படித்தேன். ஒன்று புரியவில்லை. "பெண்ணுக்கு எது" என்ற கேள்வியே கடைக்காரர் போட்ட வலை இல்லையா? அவர் சில்க் என்றார், நீங்கள் மெண்டலிசம், சீட்டு என்கிறீர்கள். அடிலெய்ட் ஹெர்மன் மேஜிக்காரரான தன் கணவருக்கு உதவியாளராக இருந்தவர். 1896 டிசம்பரில் கணவர் இறந்தார். அடுத்த மாதமே நியூயார்க் மேடையில் ஏறி, துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையைச் செய்தார். யாரிடமும் "லேடீஸுக்கு எது செட் ஆகும்" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் மேடையில் இருந்தார். பிடித்ததைச் செய்யட்டும், அவ்வளவுதான்.

நிலாமுகில்
ராட்டினம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் முதல் இரண்டு வருஷம் வீணானது இந்த "எல்லாம் ஒன்றுதான்" பேச்சால்தான். நான் படித்த பாடம் எல்லாம் கோட்டு போட்ட ஆளை மனதில் வைத்து எழுதியது. "இடது பாக்கெட்டில் போடவும்", "கோட்டின் உட்புறம்." எனக்கு ஏது கோட்டு? ஒவ்வொரு ஐட்டத்தையும் உடைத்துத் துப்பட்டாவுக்கும் கைப்பைக்கும் ஏற்றபடி திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. குறையாகவும் சொல்லவில்லை. செப்படி வித்தை என்கிறோமே, அந்தச் செப்பு, மேலே குமிழ் வைத்த கிண்ணம். கோட்டும் இல்லை, மேஜையும் இல்லை, தரையில் உட்கார்ந்து செய்வது. தரையில் உட்கார்ந்தால் நமக்கு மடி இருக்கிறது. பேண்ட் போட்டவருக்கு அந்த மடி கிடையாது. இதற்கு மேல் பொதுவில் எழுத மாட்டேன்.

கயல், ஒரு கேள்வி. வளையல் போடுவீர்களா?

கயல்_மதுரை
கண்ணாடி வளையல், இரண்டு கையிலும். பாட்டி கழற்ற விடமாட்டார். ஏன் அக்கா?

சீட்டுக்காரன்
கழற்றிவிடுங்கள். மோதிரம், மருதாணியும் வேண்டாம். கண் உள்ளங்கைக்கே போகும்.

நிலாமுகில்
கழற்ற வேண்டாம். ஆனால் அதன் சத்தத்தைக் கவனியுங்கள். காசை ஒரு கையிலிருந்து மறு கைக்கு நிஜமாக மாற்றும்போது வளையல் குலுங்கும். மாற்றுவதுபோல் நடிக்கும்போது கை விறைத்துப்போகும், வளையல் ஊமையாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் எங்கேயோ இடிக்கும். அதனால் முதலில் நிஜமாக ஐம்பது தடவை மாற்றுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. அந்தச் சத்தம் காதில் பதியட்டும். அப்புறம் நடிக்கும்போது அதே சத்தம் வருகிறதா பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகுவதைவிட இது மேல். எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. சொல்லித்தர வந்தவர் யாரும் வளையல் போட்டதில்லை.

பழம்பெருச்சாளி
30 வருஷத்தில் இதை நான் யோசித்ததே இல்லை அம்மா. என் வீட்டுக்காரி உதவிக்கு வரும்போதெல்லாம் வளையலைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மனவாசகன்
எல்லாம் சரி, மெண்டலிசத்தில் வளையல் பிரச்சினையே வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கயல்_மதுரை
பத்து நாள் கழித்து வருகிறேன். பழம்பெருச்சாளி சார் கோபிக்க வேண்டாம், கயிறு வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் காசில்தான் தொடங்கினேன். நேற்று ராத்திரி பாட்டியிடம் அவருடைய பத்து ரூபாயையே வாங்கிச் செய்தேன். முதல் தடவை இடது கையை மூடி ஊதினேன். பாட்டி அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. "அந்தக் கை வளையல் சும்மா இருக்கே, காசு அங்கதான்டி" என்று வலது கையைத் தட்டினார். நிலாமுகில் அக்கா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

இன்று காலையில் இன்னும் ஐம்பது தடவை பழகிவிட்டு மறுபடி போனேன். இடது கையைத் திறந்தேன், காசு இல்லை. பாட்டி புடவை மடிப்பையெல்லாம் உதறித் தேடினார். அவர் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டியதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் என் கையிலிருந்து காசைப் பிடுங்கிச் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டார். மதியத்துக்கு வேறு பத்து ரூபாய் தேட வேண்டும்.