புதுப்பிப்பு: மொரிஸ் மைனரின் எடைக் குறைப்பு

எனது 1962ஆம் ஆண்டு மொரிஸ் மைனரைப் பழைய கார்ப் பந்தயத்துக்குத் தயார்செய்ய எடையை எங்கே குறைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கதவுகளை ஃபைபரில் செய்யுமாறு சிலர் கூறினர். ஆயினும் கார் அக்கால அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்று எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு) விதிகளில் பழைய கார்ப் பந்தயங்களுக்கான 'கே' இணைப்பு வலியுறுத்துவதால் அதைக் கைவிட்டேன்.

பின்னிருக்கையும் கம்பளமும் ஒரே மாலையில் கழன்றன. தரையில் ஒட்டியிருந்த தார்ப்பூச்சுதான் உயிரை வாங்கியது. மட்டக்களப்புக் கல்லடியின் வெயிலில் அது பாகாய் இளகி உளியில் ஒட்டிக்கொண்டதால், மீன்வாடி ஐஸை நொறுக்கி உப்புக் கலந்து பரப்பி, விடியுமுன் தட்டினேன். குளிரில் விறைத்த பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அடியில் உப்புக்காற்று தின்ற இரண்டு ஓட்டைகள்! டிங்கர் வைத்த ஒட்டுத்தகட்டால் குறைத்த எடையில் கொஞ்சம் திரும்பிவிட்டது. கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புக் கூண்டு பொருத்தினால் இன்னும் ஏறும், அதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டப்போவதில்லை.