புதுப்பிப்பு: தாத்தா லெட்டர்ல இருந்த 1112 எந்த வருஷம்னு தெரிஞ்சிட்டு

செங்கோட்டை வீட்டு பரண்ல, திருவனந்தபுரத்துல இருந்து தாத்தா எழுதின லெட்டர் கெடச்சது, "1112 தை 5"னு தேதி, சங்கு போட்ட ஸ்டாம்ப், கூடவே தேதியில்லாத ஒரு பேப்பர் கட்டிங், எந்த வருஷம்னு கேட்டிருந்தேன்ல. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

இது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்குன்னு ஒரு அண்ணாச்சி சொன்னாங்க, அதான் சரி. ஆவணியில வருஷம் பொறக்குது, அதனால டிசம்பர் வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரியில இருந்து ஆடி முடிய 825. அப்போ இது 1937 ஜனவரி. கட்டிங்கும் ஒத்துப்போகுது, திருவிதாங்கூர் சமஸ்தானத்துல எல்லா சாதி இந்துக்களும் கோயிலுக்குள்ள போகலாம்னு வந்த கோயில் நுழைவு பிரகடனத்தைப் பத்தின சேதி, அது 1936 நவம்பர் 12. லெட்டர் ஓரத்துல மை மங்கி "இங்க எல்லாரும் கோயிலுக்குள்ள போறாங்க, கண்ணால பாத்தேன்"னு பொடி எழுத்துல ஒரு வரி, அத படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிட்டு.

எதிர்பாக்காதது ஒண்ணு, ஆச்சி பிரசவத்துக்கு தென்காசி போயிருந்தப்ப வந்த லெட்டர்ல மட்டும் ஜார்ஜ் மன்னர் ஸ்டாம்ப். செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர், தமிழ்நாட்டோட சேந்தது 1956 நவம்பர் 1-ல தான், தென்காசியோ பிரிட்டிஷ் பக்கம், திருவிதாங்கூர் தனியா நடத்தின 'அஞ்சல்'ங்கிற தபாலோட சங்கு ஸ்டாம்ப் அங்க செல்லாது. அதனால இந்தப் பக்கத்து பழைய லெட்டர் வச்சிருக்கவங்க ஸ்டாம்பையும் கவரையும் தூரப் போட்டுறாதீங்க.