வாரம் 4 பென்ஸ் கட்டி 10 ஷில்லிங் வாங்கியது எப்படி? 19ஆம் நூற்றாண்டு மான்செஸ்டர் சகாயச் சங்கங்கள்

நூல்கண்டு கேட்டது:

1840 முதல் 1870 வரை மான்செஸ்டர், சால்ஃபோர்டு, ஓல்டாம் பக்கம் வாழ்ந்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்தை வைத்து நாவல் எழுதுகிறேன். குடும்பத் தலைவர் ‘ஃபிரண்ட்லி சொசைட்டி’ என்ற பரஸ்பர சகாயச் சங்கம் ஒன்றில் உறுப்பினர். வாரம் 4 பென்ஸ் சந்தா, நோயில் படுத்தால் வாரம் 10 ஷில்லிங் என்று பல இடங்களில் படித்தேன். 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்றால், கட்டியதைப் போல 30 மடங்கு கைக்கு வருகிறது. இது எப்படிக் கட்டுப்படியானது? இப்படிப்பட்ட சங்கங்கள் நிறைய உடைந்துபோனதாகவும் தெரிகிறது. பொருளாளர்கள் கையாடியதுதான் காரணமா? பணம் கட்டும் இரவு எப்படி இருக்கும், ஈமச்சடங்குக் கிளப் என்பது வேறா, தரும அமைப்புகள் எந்த இடத்தில் வருகின்றன என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கணக்கேடு எழுதியது:

கையாடல் நடந்தது உண்மை. ஆனால் பெரும்பாலான சங்கங்களைக் கொன்றது திருட்டு அல்ல, வயது. 20 வயதுக்காரரும் 40 வயதுக்காரரும் ஒரே சந்தா கட்டினார்கள். ஏட்டில் ஒரு பென்னி குறையாத நாணயமான சங்கம்கூட இதனால் மூழ்கியது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 25 வயதில் 100 பேர் சேர்ந்து சங்கத்தின் ஒரு கிளையைத் தொடங்குகிறார்கள். ஆளுக்கு வாரம் 4 பென்ஸ் என்றால் ஆண்டுக்கு 17 ஷில்லிங் 4 பென்ஸ். 100 பேருக்கு 86 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு). இந்த வயதில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு வாரத்துக்கும் குறைவாகவே நோயில் படுப்பார். 100 பேருக்கும் சேர்த்து 80 வாரம் என்று வைத்தால், 10 ஷில்லிங் வீதம் 40 பவுண்டு. மருத்துவருக்கு ஆளுக்கு 3 ஷில்லிங் வீதம் 15 பவுண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்தால் 10 பவுண்டு, ஒருவரின் மனைவி இறந்தால் 5 பவுண்டு. மொத்தச் செலவு 70. மிச்சம் 16 பவுண்டுக்கு மேல். பத்து ஆண்டில் கிளையின் பணப்பெட்டியில் 160 பவுண்டைத் தாண்டி நிற்கும்.

இந்த மிச்சத்தை அவர்கள் லாபம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது அவர்களுடைய முதுமைக்கான முன்பணம். ஆண்டு விருந்துக்கும், பதாகைக்கும், ஊர்வலத்துக்கும், சில இடங்களில் பங்கு பிரிப்பதற்கும் அதை எடுத்தார்கள்.

அதே 100 பேருக்கு 55 வயதாகும்போது சராசரி இரண்டரை வாரம் ஆனது என்று கொள்ளுங்கள். நோய்ப்படி (நோயில் படுத்தவருக்குத் தரும் வாரத் தொகை) மட்டும் 125 பவுண்டு. வரவு அதே 86. இறப்புகளும் கூடியிருக்கும். பெட்டி சில ஆண்டுகளில் காலி. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஊரில் உள்ள 20 வயது இளைஞர் கிழவர்கள் நிறைந்த இந்தக் கிளையில் சேர மாட்டார். அடுத்த தெரு மதுவிடுதியில் தன் வயதுக்காரர்களோடு புதுக் கிளை தொடங்குவார். பழைய கிளைக்குப் புது ரத்தம் நின்றுபோகும். முப்பது ஆண்டு சந்தா கட்டியவர் தேவைப்படும் வயதில் வெறுங்கையோடு நிற்பார். உங்கள் நாவலின் துயரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வில்லன் தேவையில்லை.

பல கிளைகள் கொண்ட பெரிய சகாயச் சங்கமான மான்செஸ்டர் யூனிட்டி ஆட்ஃபெல்லோஸ் (தொடக்கம் 1810) இதை 1840களிலேயே உணரத் தொடங்கியது. கிளைகள் கணக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று தலைமை வற்புறுத்தியபோது, தலையிடுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு ஒரு பகுதி பிரிந்தே போனது. அதன் செயலாளர் ஹென்றி ராட்க்ளிஃப், உறுப்பினர்களின் நோய், இறப்பு விவரங்களைத் தொகுத்து 1850இல் அட்டவணைகளாக வெளியிட்டார். சேரும்போது என்ன வயதோ அதற்கேற்ற சந்தா என்ற முறை அதன் பிறகுதான் மெல்ல வேரூன்றியது. உங்கள் கதை 1845இல் நடந்தால் எல்லாருக்கும் ஒரே சந்தா. 1865இல் நடந்தால், புதிதாகச் சேரும் 35 வயதுக்காரர் 20 வயதுக்காரரைவிடக் கூடுதலாகக் கட்டலாம்.

‘பதிவுபெற்ற சங்கம்’ என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். 1846இல் ஜான் டிட் பிராட் சகாயச் சங்கங்களுக்கான அரசுப் பதிவாளராக அமர்ந்தார். அவர் தரும் சான்று, விதிகள் சட்டத்துக்கு முரணில்லை என்று மட்டும் சொல்லும். சந்தா போதுமா என்பதைச் சொல்லாது. தொழிலாளர்களோ அரசாங்கமே உத்தரவாதம் தந்ததாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சொத்தையும் பொறுப்புகளையும் மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் 1875 சட்டத்தில்தான் வந்தது.

---

மூன்றுசாவி எழுதியது:

மேலே உள்ள கணக்கு சரி. சந்தா இரவைப் பற்றி நான் சொல்கிறேன்.

இடம் பெரும்பாலும் மதுவிடுதியின் மாடி அறை. வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். இரும்புப் பட்டி போட்ட மரப்பெட்டி ஒன்று மேசைமேல் இருக்கும். அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி. வெவ்வேறு பொறுப்பாளர்கள் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒரு சாவிக்காரர் வரவில்லையென்றால் அவருக்கு அபராதம். விதிப்புத்தகம், ஏடுகள், பணம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். உறுப்பினர் பணத்தை மேசையில் வைப்பார், எழுத்தர் ஏட்டில் வரவு வைப்பார், உறுப்பினரின் அட்டையிலும் குறிப்பார்.

அறை வாடகை என்று தனியாக வாங்காத விடுதிக்காரர் உண்டு. அதற்குப் பதில் ஒவ்வொருவரும் கூட்டத்தன்று இத்தனை பென்ஸுக்குக் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் காசு சந்தாவோடு சேர்ந்தே போகும். வராதவரிடமும் வாங்கிய சங்கங்கள் உண்டு. இதை வெறுத்தவர்களுக்கு மதுவிலக்குச் சங்கம் இருந்தது. ரேக்கபைட்ஸ் என்ற அமைப்பு 1835இல் சால்ஃபோர்டில் தொடங்கியது. உங்கள் கதையில் மனைவி கணவரை அங்கே சேரச் சொல்லி வற்புறுத்தினால் மிகவும் பொருத்தமாக இருக்கும்.

கூட்டத்தில் கெட்ட வார்த்தை பேசினால் அபராதம். அரசியலோ மதமோ பேசினால் அபராதம். போதையில் வந்தாலும் அபராதம்.

நோய்ப்படி வாங்கும் முறை இது. சேர்ந்ததும் கிடைக்காது. ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்க வேண்டும். நோய் வந்தால் செயலாளருக்குத் தகவல், மருத்துவர் சான்று. பிறகு நோயாளியைப் பார்க்க நியமிக்கப்பட்ட உறுப்பினர் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். பணம் தருவது பாதி வேலை. ஆள் உண்மையில் படுத்திருக்கிறாரா என்று பார்ப்பது மீதி. படி வாங்குபவர் வேலை செய்யக் கூடாது, மதுவிடுதியில் இருக்கக் கூடாது, மாலையில் குறித்த நேரத்துக்குப் பின் வெளியே காணப்படக் கூடாது. சண்டையில் பட்ட காயம், குடியால் வந்த கேடு, பால்வினை நோய் ஆகியவற்றுக்குப் படி இல்லை. வழக்கமாக 26 வாரம் முழுப்படி, பிறகு பாதி. எண்ணிக்கையும் தொகையும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். ஆகவே உங்கள் சங்கத்துக்கு ஒரு விதிப்புத்தகத்தை நீங்களே எழுதிக்கொண்டு கடைசிவரை அதை மீறாமல் எழுதுங்கள்.

எழுதுபவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது நிலுவையை. குறித்த வாரங்களுக்கு மேல் சந்தா பாக்கி நின்றால் உரிமை நின்றுவிடும். பாக்கியைக் கட்டிய பிறகும் சில வாரம் காத்திருந்தால்தான் உரிமை திரும்பும். ஆலையில் வேலை குறைந்த மாதத்தில் சந்தா நிற்கும். சரியாகச் சாப்பிடாத அதே மாதத்தில்தான் காய்ச்சலும் வரும்.

---

ஒருபென்னி எழுதியது:

ஈமச்சடங்குக் கிளப் வேறுதான். அதை நாவலில் இதோடு சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள். சகாயச் சங்கத்தில் ஓரளவு நிலையான கூலி உள்ள ஆண்கள் இருந்தார்கள். வாரம் 4 பென்ஸ் எடுத்துவைக்க முடியாத குடும்பங்களும் ஆளுக்கு ஒரு பென்னி, அரைப் பென்னி என்று ஈமக் கிளப்புக்குக் கட்டின. கூட்டம் கிடையாது, சகோதரத்துவம் கிடையாது. வசூல்காரர் சனிக்கிழமை கதவைத் தட்டுவார், மனைவி காசு கொடுப்பார். லிவர்பூலில் 1850இல் தொடங்கிய ராயல் லிவர் இந்த வகையிலிருந்து வளர்ந்த பெரிய அமைப்பு.

பணம் போகும் வழியைப் பாருங்கள். வீடு வீடாக ஒவ்வொரு பென்னியாக வசூலிப்பதால் வசூல்காரருக்குப் போகும் கமிஷனே பெரும் பங்கைத் தின்றுவிடும். சில வாரம் கட்டத் தவறினால் அதுவரை கட்டியது எல்லாம் போச்சு. வசூல் ஏட்டையே சொத்துபோல வசூல்காரர்கள் விற்றார்கள், வாங்கினார்கள். அப்படியும் மக்கள் ஏன் கட்டினார்கள்? ஊராட்சி செலவில் ஏழைக்குழியில் அடக்கம் செய்யப்படும் அவமானத்துக்கு அவ்வளவு அஞ்சினார்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அந்தப் பென்னியைக் கட்டியவர்களை விவரம் அறியாதவர்கள் என்று எழுதிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். தம் பிள்ளையை எப்படி அனுப்பிவைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

குழந்தையின் பெயரில் பல கிளப்புகளில் கட்டும் வழக்கமும் இருந்தது. மான்செஸ்டரில் ஒரே குழந்தையை 19 கிளப்பில் சேர்த்த செய்தி சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் 1843ஆம் ஆண்டு அறிக்கையில் வருகிறது. பணத்துக்காகப் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டார்கள் என்ற பழி அதிலிருந்து கிளம்பி ஏழைத் தாய்மார் எல்லார் மேலும் விழுந்தது. 1875 சட்டம் 5 வயதுக்குக் கீழே 6 பவுண்டு, 10 வயதுக்குக் கீழே 10 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது.

இனி தருமம். சங்கத்தில் வாங்குவது உரிமை, தரும அமைப்பில் வாங்குவது தயவு. மான்செஸ்டர், சால்ஃபோர்டு வட்டாரச் சேமிப்புச் சங்கம் 1833இல் தொடங்கியது. மருத்துவர் ஜேம்ஸ் கேயும் வங்கியாளர் வில்லியம் லாங்டனும் அதில் முன்நின்றார்கள். தொண்டர்கள் வீட்டுக்கே வந்து சிறுசேமிப்பு வாங்குவார்கள். உதவி கேட்பவர் ‘தகுதியானவரா’ என்று விசாரிப்பதும் அவர்கள்தான். மருத்துவமனைக்கும் அப்படித்தான். நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைச் சீட்டு இருந்தால் உள்ளே போவது எளிது. அந்தச் சீட்டுக்காக ஒருவர் எத்தனை வாசலில் நின்றிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

1861–65 பஞ்சுப் பஞ்சத்தை உங்கள் கதை தொடுமானால் இதை நினைவில் வையுங்கள்: சகாயச் சங்கம் நோய்க்கும் இறப்புக்கும்தான். ஆலை மூடினால் அதற்குப் படி கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் வட்டாரமே வேலையிழந்தபோது, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்த இழப்பைத் தாங்க எந்தக் கிளைப் பெட்டியாலும் முடியாது. அப்போதுதான் நிவாரணக் குழுக்கள், தையல் பள்ளிகள், சூப்புக் கூடங்கள். அந்த வட்டாரத்துப் பஞ்சாலை ஊரான ஸ்டேலிபிரிட்ஜில் 1863 மார்ச்சில் நிவாரணத்தைக் காசாகத் தராமல் கடைச் சீட்டாகத் தருவோம் என்றதும் கலவரமே வெடித்தது.

---

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். என் பாத்திரம் ஓல்டாமிலிருந்து பிரெஸ்டனுக்கு வேலை தேடிப் போனால் உறுப்பினர் உரிமை என்னவாகும்? வயதானபின் அவர் சட்டப்படியான ஏழை நிவாரணம் கேட்டால், சங்கத்துப் படி அதற்குத் தடையா?

---

கணக்கேடு எழுதியது:

முதல் கேள்விக்கு: அந்தத் தெருவோடு நிற்கும் தனிச்சங்கம் என்றால் உரிமை கிட்டத்தட்டப் போனமாதிரிதான். தூரத்திலிருந்து சந்தா அனுப்ப வேண்டும், நோயாளியைப் பார்க்க வர ஆளில்லை. ஆட்ஃபெல்லோஸ், ஃபாரஸ்டர்ஸ் போன்ற பல கிளை அமைப்பு என்றால் நிலுவை இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு வேறு ஊர்க் கிளைக்கு மாறலாம். வேலை தேடி நடப்பவருக்குப் பயண அட்டையும் உண்டு. வழியில் உள்ள கிளையில் அடையாளச் சொல் சொல்லி அட்டையைக் காட்டினால் சிறு உதவி கிடைக்கும். பெரிய அமைப்புகள் வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். நோய்ப்படி நிதி கிளைக்குக் கிளை தனி, ஆனால் ஆட்ஃபெல்லோஸில் ஈமச்செலவு நிதி வட்டார அளவில் பொது. ஒரு கிளையில் ஒரே ஆண்டில் நாலைந்து பேர் இறந்தாலும் அந்த அடி பலர்மேல் பரவிவிடும்.

இரண்டாவது: உங்கள் காலகட்டத்தில் தடைதான். வாரம் 5 ஷில்லிங் பாதிப்படி வாங்கும் முதியவரிடம், உனக்குத்தான் வருமானம் இருக்கிறதே என்று நிவாரண அதிகாரிகள் அதைக் கழித்துக்கொள்ளலாம். சிக்கனமாக இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் கடைசியில் ஒரே தொகை. சங்கங்கள் நெடுங்காலம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. சங்கப்படியைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்று 1894இல்தான் சட்டம் வந்தது. 5 ஷில்லிங் வரை கழிக்கவே கூடாது என்ற கட்டாயம் 1904இல். உங்கள் பாத்திரத்துக்கு இரண்டுமே கிடைக்காது.

---

மூன்றுசாவி எழுதியது:

மருத்துவரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கிளை மருத்துவருக்கு நோயாளி எண்ணிக்கைப்படி கூலி இல்லை. உறுப்பினர் தலைக்கு ஆண்டுக்கு இத்தனை ஷில்லிங், மருந்தும் அதிலேயே அடக்கம். உறுப்பினர்களே வாக்களித்து மருத்துவரை அமர்த்துவார்கள், பிடிக்காவிட்டால் மாற்றுவார்கள். பட்டம் பெற்ற ஒருவர் ஆலைத் தொழிலாளிகளின் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவர்களுக்கு அது கசந்தது. இந்த ஒப்பந்தம் உறுப்பினருக்கு மட்டுமே, மனைவி மக்களுக்குப் பொதுவாகக் கிடையாது. கணவருக்காக வந்த மருத்துவர் தொட்டிலில் இருமும் குழந்தையையும் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனிக் காசு.

கடைசியாக, நீங்கள் முதலில் கேட்ட 4 பென்ஸ், 10 ஷில்லிங் பற்றி: பிரிட்டனின் 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில் நோயில் படுத்த ஆண்களுக்கு வாரம் 10 ஷில்லிங், 26 வாரம் என்று வைத்தார்கள். தொழிலாளியின் பங்கு வாரம் 4 பென்ஸ். ஆனால் முதலாளியிடமிருந்து 3 பென்ஸும் அரசிடமிருந்து 2 பென்ஸும் கூடச் சேர்ந்தன. மேலே உள்ள 100 பேர் கணக்கை 9 பென்ஸ் வரவு வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள், ஆண்டுக்கு 195 பவுண்டு வரும்.