ரெஃபரல் குழு நடத்தியவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

பழைய செயலாளர்:

வாராவாரம் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கிற வியாபாரிகளின் மீட்டிங், அனுப்புகிற வாடிக்கையாளரின் பெயரும் நம்பரும் எழுதி நீட்டுகிற ஸ்லிப், சேரலாமா என்று பார்க்க வருகிற விசிட்டர், இதெல்லாம் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தப் பெரிய அமைப்பையும் சேராத தனிக் குழு எங்களுடையது. 32 பேர். நான் மூன்று வருடம் செயலாளர். அந்த வாரம் யார் எத்தனை ரெஃபரல் கொடுத்தார்கள் என்று மீட்டிங் முடிவில் வாசிப்பது என் வேலை. அதிகம் கொடுத்தவருக்குக் கைதட்டல். கொஞ்ச நாள் கழித்து, எல்லாரும் சுறுசுறுப்பாகட்டுமே என்று, ஒன்றுமே கொடுக்காதவர்கள் பெயரையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தேன். யோசனை என்னுடையதுதான். அடுத்த மாதமே ஸ்லிப் எண்ணிக்கை இரண்டு மடங்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழுவில் கண்ணாடி வேலை செய்பவர் ஒருவர் இருந்தார். சாது. நான்கு வாரமாகப் பூஜ்யம். ஐந்தாவது வாரம் எழுந்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்கிறவருக்கு ஒரு ஸ்லிப் நீட்டினார். "பெரிய வேலை, மொட்டைமாடி முழுக்க" என்றார். வாங்கியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அங்கேயே அந்த நம்பருக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

மறுமுனையில் ஒரு பெண்மணி. "மொட்டைமாடியா? நாங்க வாடகைக்கு இருக்கோம், கீழ் வீட்ல. நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கலையே. போன வாரம் ஜன்னல் கண்ணாடி ஒண்ணு மாத்துனேன், அவ்வளவுதான்."

அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்காரர் தன் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். டக், டக், டக். அப்புறம் பட்டியல் வாசிக்கிற நேரம் வந்தது. அவர் பெயருக்கு நேரே '1' என்று நான் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். அதை அப்படியே வாசித்தேன். பழக்கதோஷத்தில் பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா?

கணக்கு எழுதுகிறவள்:

இருக்கிறது சார். எனக்குக் கண்ணாடிக்காரர் மேல் கோபம் வரவில்லை. ஏனென்று என் கதையைப் படித்தால் தெரியும்.

பதினோரு வருட வாடிக்கையாளர். அவர் கடையின் கணக்கு எல்லாம் என் கையில்தான். விசிட்டிங் கார்டு அடிக்க யாரையாவது சொல்லுங்கள் என்றார். எங்கள் குழுவில் ஒரு அச்சகக்காரர், பேச்சில் கில்லாடி, மீட்டிங்கில் எழுந்து நின்றால் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்போம். அவரிடம் நான் அதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட அச்சடித்ததில்லை. இருந்தும் "கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து நான் கணக்குப் பார்க்கப் போனபோது அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கார்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அழகான கார்டு. போன் நம்பரில் ஏழாவது எண் மட்டும் தப்பு. ஆயிரம் கார்டு. பாதிக்கு மேல் கொடுத்தும் முடித்துவிட்டார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி சரிபாக்க ப்ரூஃப் அனுப்புனாங்க. நீங்க சொன்ன ஆளாச்சேன்னு நான் பாக்கல" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகும் அவர் என்னிடம்தான் கணக்கு எழுதுகிறார். ஆனால் எதற்கும் என்னிடம் ஆள் கேட்பதில்லை.

நூற்றுக்கு நூறு:

இருவருக்கும் வணக்கம். எனக்கும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது, ஏசி மெக்கானிக் ஒருவரைச் சொல்லி வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது போகட்டும்.

செயலாளர் சார், தப்பு உங்களுடையது அல்ல. கொடுத்தவருடையதுதான். பெயரும் நம்பரும் மட்டும் இருந்தால் அது லீட். அந்த நபர் போனை எதிர்பார்த்துக் காத்திருந்தால்தான் ரெஃபரல். உறுப்பினர் சேர்ந்த முதல் வாரமே இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. ஸ்லிப் எழுதுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இந்த வேலை இப்போது தேவையா, எப்போது முடிவெடுப்பீர்கள், உங்கள் நம்பரை அவரிடம் கொடுக்கலாமா. மூன்றாவதைக் கேட்காமல் கொடுப்பவர்கள்தான் அதிகம். கேட்ட பிறகும் வெறும் நம்பரைத் தள்ளிவிடக் கூடாது. இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, இவர் இன்னார், அவர் இன்னார் என்று சொல்லிவிட்டு நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும்.

மேடம், உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். யாரையும் வெளியே சொல்வதற்கு முன் சின்னதாக ஒரு வேலையை நீங்களே அவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது கார்டு அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வேலை முடிந்ததும் எப்படிப் போனது என்று உறுப்பினரிடம் கேட்காதீர்கள், "பிரமாதம்" என்பார். வாடிக்கையாளரிடம் கேளுங்கள். அச்சகம் என்றதும் பெஞ்சமின் பிராங்க்ளின் ஞாபகம் வருகிறார். 1727-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜுன்டோ என்று ஒரு நண்பர் குழு தொடங்கியவர். அவர் சொந்த அச்சகம் ஆரம்பித்தபோது அந்தக் குழு நண்பர் ஒருவர்தான் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வரலாற்று நூலில் 40 ஷீட் அச்சடிக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தார். தினம் ஒரு ஷீட் என்று கணக்கு. ஒரு நாள் ராத்திரி, அச்செழுத்துகளைக் கோத்து முடித்த பிறகு, அதில் இரண்டு பக்கம் கலைந்து கொட்டிவிட்டது. அன்றைக்கே மறுபடி கோத்துவிட்டுத்தான் படுத்தார். நம்மைச் சொல்லி அனுப்பியவர் மானம் நம் கையில் என்று நினைக்கிற ஆள் அப்படித்தான் இருப்பார்.

இன்னொன்று. மீட்டிங்கில் ரெஃபரல் கேட்கிற விதம். "வீடு, ஆபீஸ் தேவைப்படுறவங்க இருந்தா சொல்லுங்க" என்றால் யாருக்கும் ஒரு முகமும் ஞாபகம் வராது. "வாடகை ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிற, பத்துப் பேர் வேலை செய்கிற ஆபீஸ்" என்று கேட்டுப் பாருங்கள், காதில் வாங்குகிறவர் மனதில் ஒருவர் வந்து நிற்பார். கண்ணாடிக்காரர் நாலு வாரம் பூஜ்யமாக இருந்ததற்கு மற்ற 31 பேர் கேட்ட விதமும் காரணமாக இருக்கலாம். வாராவாரம் தவறாமல் வருவது எல்லாவற்றையும் விட முக்கியம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சேர்க்கைக் குழு:

தனியாக எழுதுங்கள் சார், மெதுவாகவே எழுதுங்கள். கதை சொல்லச் சொன்னால் உங்கள் ஏசி மெக்கானிக்கை ஒரே வரியில் அனுப்பிவிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். "தப்பு உங்களுடையது அல்ல" என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூஜ்யத்தை எல்லார் முன்னாலும் வாசித்தால் மனிதன் எதையாவது எழுதிக் கொடுக்கத்தான் செய்வான்.

ஆனாலும் செயலாளர் சார், எண்ணுகிற பழக்கம் நீங்கள் கண்டுபிடித்ததில்லை, அந்த அளவுக்கு வருத்தப்பட வேண்டாம். 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் முதல் ரோட்டரி கிளப்பைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வியாபாரத்தைக் குறித்துவைக்கவே ஒரு பொறுப்பாளர் இருந்தார். தொழிலுக்கு ஒருவர், அதே தொழிலில் இன்னொருவரைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கமும் அங்கே அப்போதே உண்டு. அடுத்த வருடம் காப்புரிமை வக்கீல் ஒருவரைச் சேரக் கூப்பிட்டார்கள். உங்களுக்குள்ளேயே லாபம் பார்த்துக்கொள்கிற கிளப் நிலைக்காது என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஊர் நலனையும் நோக்கங்களில் சேர்த்தார்கள். அவரும் சேர்ந்தார்.

என்னை உறுத்துவது அந்த 'தொழிலுக்கு ஒருவர்' விதிதான். நான் உறுப்பினர் சேர்க்கையைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் இன்டீரியர் வேலை செய்கிற இளைஞர் ஒருவர் விசிட்டராக வந்தார். அழைத்துவந்தவருக்கு, அந்த சீட்டில் ஏற்கெனவே ஆள் இருப்பது தெரியும். விசிட்டர் எண்ணிக்கைக்காகக் கூட்டி வந்துவிட்டார். பையன் சீக்கிரமே வந்து, மேஜையில் தன் கார்டுகளை விசிறி மாதிரி பரப்பி, ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான்தான் போய், "தம்பி, இந்த கேட்டகரி ஃபுல். நீங்க உக்காந்து பாருங்க, ஆனா கார்டு குடுக்க வேண்டாம்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று ஒவ்வொரு கார்டாக எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பி அடுக்கி, பைக்குள் வைத்தான். ஒரு கார்டு மேஜைத் துணிக்கு அடியில் போய்விட்டது. அதையும் தேடி எடுத்தான். மீட்டிங் முடிகிறவரை இருந்து எல்லாருக்கும் கைதட்டிவிட்டுப் போனான்.

மூன்று மாதத்தில் எங்கள் இன்டீரியர்காரர் ரினீவல் செய்யாமல் விலகிவிட்டார். அந்தப் பையனைக் கூப்பிடலாம் என்று பார்த்தால் என்னிடம் அவன் நம்பர் இல்லை. கார்டுதான் வாங்கவில்லையே.

மணி என் கையில்:

நான் டைம் கீப்பர். ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேச 45 விநாடி. அது முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். தலைவருக்கும் அதே மணிதான்.

பூட்டு ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர். எழுந்தால் பெயர், தொழில், "நன்றி". பத்து விநாடிகூட ஆகாது, என் வேலை மிச்சம். இரண்டு வாரம் வராமல் இருந்து மூன்றாவது வாரம் வந்தார். வழக்கம்போல் எழுந்தார். "கடை மூடியிருந்ததுக்கு மன்னிக்கணும், வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்" என்று ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் சாவி தொலைந்துபோன ஒரு பீரோவைத் திறந்து கொடுத்ததாகவும், அதைப் பார்த்து அவர் மனைவி சிரித்ததாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல்தடவை சிரித்தாளாம். அப்போது...

என் கண் கடிகாரத்தில்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

"ஸாரி தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் எனக்கு ஸாரி சொன்னார்.

ஒருமுறை மட்டும் வந்தவன்:

நான் குழு நடத்தியவன் இல்லை, விசிட்டராக ஒரே ஒருமுறை போனவன். எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஏழு பேர் கார்டு கொடுத்தார்கள். நான் யார் என்று கேட்பதற்கு முன்பே கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த போர்டு எழுதுகிறவர் மட்டும் கார்டை எடுக்காமல், "உங்க வேலையில உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி எது?" என்று கேட்டார். பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். நான் குழுவில் சேரவில்லை. அவரை அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆனால் போர்டு வேலை என்று யார் கேட்டாலும் என் வாயில் அவர் பெயர்தான் வரும். ஐந்து பேரையாவது அனுப்பியிருப்பேன்.

நூற்றுக்கு நூறு அண்ணா, அதனால் வாராவாரம் வருவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது எனக்கு ஒப்பவில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று விசாரித்திருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. தினமும் பார்க்கிறவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே, புதுச் சேதி வேறு வட்டத்திலிருந்துதான் வரும். ஒரே 32 பேர் ஒரே 32 முகத்தை வாராவாரம் பார்த்தால் ஸ்லிப்புக்கு ஆள் எங்கிருந்து வரும்?

என் உறுத்தல் என்னவென்றால், அந்த போர்டுக்காரர் குழுவின் கணக்கில் பூஜ்யமாக இருந்திருப்பார். நான் அனுப்பிய ஐந்து பேரும் எந்த ஸ்லிப்பிலும் இல்லையே.

நூற்றுக்கு நூறு:

தம்பி, அது வேலை தேடியவர்களிடம் எடுத்த கணக்கு. வியாபாரத்துக்கு அப்படியே பொருந்தாது. போர்டுக்காரர் கேட்ட அந்தக் கேள்வி வாராவாரம் பழகிப் பழகி வந்ததாகவும் இருக்கலாம். ரெஃபரல் குழுக்களின் பெரிய அமைப்பான பிஎன்ஐ 1985-ல் ஆரம்பித்தது, வாராவாரச் சந்திப்பை இன்றைக்கும் விடவில்லை, சும்மாவா?

சேர்க்கைக் குழு மேடம், ஏசி மெக்கானிக் கதையை முழுசாகச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் என் மச்சான்.

கணக்கு எழுதுகிறவள்:

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா. அவ்வளவு நீளப் பாடத்தையும் சந்தோஷமாகப் படித்திருப்போம்.

செயலாளர் சார், நீங்கள் கண்ணாடிக்காரரிடம் அப்புறம் பேசினீர்களா? அந்தப் பூஜ்யப் பட்டியலை இன்னும் வாசிக்கிறார்களா?

பழைய செயலாளர்:

பேசவில்லை. போன் செய்ய இரண்டு தடவை எடுத்தேன், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். போன மாதம் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி உடைந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டு மாற்றினேன்.

பட்டியலை இன்னும் வாசிக்கிறார்கள். பொறுப்பை ஒப்படைக்கும்போது, புதியவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, யார் யார் பூஜ்யம் என்று தானாகவே சிவப்பில் காட்டுகிற மாதிரி ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.